சீன மொழியில் ‘வாய்ப்பு’: எதை எங்கே சொல்வது?

சீனம் தெரிந்தவர்கள் கொஞ்சம் உதவுங்கள். வாய்ப்புக்கு ஜீஹுய், ஷிஜீ, ஜீயூ என்று மூன்று சொற்கள் படித்தேன். ஜீஹுய் அன்றாடப் பேச்சுக்கு, ஷிஜீ என்றால் தக்க தருணம். சரி. ஜீயூ மட்டும் செய்திகளில் ‘சவால்’ என்ற சொல்லோடு ஜோடியாகவே வருகிறது. நண்பரிடம் பேசும்போது அதைச் சொன்னால் மேடைப்பேச்சு மாதிரி இருக்குமா?

அப்புறம், ‘ஷோ ஜூ தாய் து’ என்ற மரபுத்தொடர். ஹான் ஃபெய்ட்சு என்ற பழைய சீன நூலில் வரும் சோங் நாட்டு உழவன், மரத்தின் அடிக்கட்டையில் ஒரு முயல் மோதிச் செத்ததைப் பார்த்து, ஏரைப் போட்டுவிட்டு அடுத்த முயலுக்குக் காத்திருந்த கதை. சும்மா உட்கார்ந்திருப்பவரிடம் இதை நேராகச் சொல்லலாமா, கோபித்துக்கொள்வாரா?

‘நெருக்கடி என்ற சீனச் சொல்லுக்குள்ளேயே வாய்ப்பு இருக்கிறது’ என்ற வாட்ஸ்அப் விளக்கம் மட்டும் வேண்டாம், அது தவறு.