மறு: போர்ட் பிரேக்அவுட் – ‘துறை வகிர்வு’ சரிவருமா?

வணக்கம். நெட்வொர்க் ஸ்விட்ச்சின் அதிவேகத் துறை (போர்ட்) ஒன்றை, வேகம் குறைந்த பல துறைகளாகப் பயன்படுத்துவதுதான் போர்ட் பிரேக்அவுட். அதற்கு என்ன தமிழ்ச் சொல் வைப்பது என்ற பேச்சின் தொடர்ச்சி இது.

‘துறை உடைப்பு’ வேண்டாம் என்பதில் நமக்குள் சண்டை இல்லை. நள்ளிரவில் கண்காணிப்புத் திரையில் ‘துறை 12 உடைக்கப்பட்டது’ என்று வந்தால், பணியில் இருப்பவர் மாற்றுக் கருவியைத் தேடி ஓடிவிடுவார்.

> ‘துறைப் பிரிப்பு’ போதுமே, எல்லாருக்கும் புரியும்.

புரியும். ஆனால் எந்தப் பிரிப்பு என்று புரியாது. ஒரே நெட்வொர்க்கைத் தனிக் குழுக்களாக்கும் விலானையும் பிரிப்பு என்கிறோம், ஐபி முகவரிகளைப் பங்கிடும் சப்நெட்டையும் பிரிப்பு என்கிறோம். அவையெல்லாம் அமைப்பில் போடும் கோடு, கம்பி ஒன்றேதான். இங்கே நடப்பது வேறு. 40ஜி (நொடிக்கு 40 கிகாபிட்) துறைக்குள் இருப்பவை 10ஜி தடங்கள் (லேன்) நான்கு. க்யூஎஸ்எஃப்பி28 என்ற செருகி வகைக்கான 100ஜி துறையில் 25ஜி தடங்கள் நான்கு. க்யூஎஸ்எஃப்பி-டிடி வகை 400ஜி துறையில் 50ஜி தடங்கள் எட்டு. ஏற்கெனவே பக்கம்பக்கமாக ஓடுகிறவற்றை ஒரே இடைமுகமாகக் கட்டிவைக்காமல் விட்டுவிடுகிறோம், அவ்வளவுதான்.

தடம் தனித்தனியாக வெளியே வராவிட்டால் இந்த வேலை கேபிளில் நடக்காது. எஸ்ஆர்4 வகை ஒளிச்செருகியில் தடத்துக்கு ஓர் ஒளியிழைச் சோடி. பல இழைகளை ஒரே முனையில் சேர்க்கும் எம்பிஓ கேபிளின் மறுமுனையில், எல்சி என்ற சிறு இணைப்பிகள் கொண்ட நான்கு சோடிகளாக எடுத்துவிடலாம். எல்ஆர்4 வகைச் செருகியில் நான்கு அலைநீளங்களும் ஒரே சோடியில் கலந்து போகின்றன. அந்தச் சோடியை எந்தக் கேபிளில் செருகினாலும் நான்கு இணைப்பு கிடைக்காது.

அதனால் என் பரிந்துரை ‘வகிர்’. நீளவாக்கில் கீறிப் பிரிப்பதற்கு நம்மிடம் இருக்கும் பழைய வினை. தலையில் எடுக்கும் வகிடும் இதன் உறவுதான். வகிடெடுக்கும்போது முடி எதுவும் வெட்டுப்படுவதில்லை, இங்கே தடமும் அப்படியே.

‘கிளைப்பு’ கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் நிரல் பதிப்புகளைப் பராமரிக்கும் கிட் (Git) மென்பொருளின் மொழிபெயர்ப்பில், பிராஞ்ச் என்பதற்குக் ‘கிளை’ உட்கார்ந்துவிட்டது. தவிர, கிளைத்தால் தாய் இடைமுகமும் மிச்சம் இருப்பதாகத் தோன்றும். உண்மையில் அது போய்விடும்: லினக்ஸில் டெவ்லிங்க் என்ற கட்டளை வழியாக நான்காகப் பிரித்தால், பழைய இடைமுகம் மறைந்து புதிதாக நான்கு முளைக்கும். சில கருவிகளில் பக்கத்துத் துறையும் சேர்ந்து முடங்கும்.

சேனலைஸ்டு என்பதைத் தழுவிய ‘அலைவரிசையாக்கம்’ எனக்குச் சரிப்படவில்லை. அது இ1 போன்ற பழைய தொலைபேசி இணைப்புகளில் இருந்த வழக்கு. இ1-இல் 2.048 எம்பிபிஎஸ்ஸை 64 கேபிபிஎஸ் கொண்ட 32 நேரத்துண்டுகளாகப் பகிர்ந்தார்கள். அலையும் இல்லை, வரிசையும் இல்லை.

இனி இடைமுகத்தில் போட்டுப் பார்ப்போம்:

‘துறை 1-ஐ 4 ஆக வகிர்’
‘துறை 1 வகிரப்பட்டுள்ளது’
‘வகிர்வை நீக்கு’

பெயர், வினை இரண்டும் வழுக்காமல் வருகின்றன. பொத்தானிலும் அடங்கும். முதல்முறை படிப்பவர் கொஞ்சம் தயங்குவார், அது உண்மை. முதலில் வரும் இடத்தில் மட்டும் ‘துறை வகிர்வு, அதாவது போர்ட் பிரேக்அவுட்’ என்று எழுதிவிடலாம்.

கேபிளுக்குத்தான் எனக்கு முடிவு எட்டவில்லை. ‘வகிர்வடம்’ என்றால் சுருக்கம், ஆனால் சேர்த்துச் சொன்னால் நாக்கு புரள்கிறது. ‘வகிர்வுக் கேபிள்’ என்றே விட்டுவிடலாமா? கலப்புச் சொல்லுக்கு எதிர்ப்பு இருந்தால் மாற்றும் சேர்த்துச் சொல்லுங்கள்.