புதுப்பிப்பு: மவுயி டைம்ஷேர், செக்-இன்னில் கேட்ட பணம் (2024)
எங்களுக்கு ஒரு டைம்ஷேர் உண்டு, அதாவது ஒரு ரிசார்ட்டில் ஆண்டுக்கு ஒரு வாரம் தங்கும் உரிமை. அந்த வாரத்தைக் கொடுத்து, பதிலுக்கு ஹவாயின் மவுயி தீவில் ஒரு வாரம் வாங்கியிருந்தோம். பரிமாற்றக் கட்டணம் கட்டியாயிற்று, இன்னும் செலவு வருமா என்று முன்பு கேட்டிருந்தேன்.

வந்தது. 7 இரவுக்கு 92.75 டாலர் வரி. முதலில் கோபம்தான். அப்புறம் ரசீதைப் பார்த்தேன்: ஒரு நாள் பராமரிப்புக் கட்டணம் (ரிசார்ட்டைப் பராமரிக்க உரிமையாளர்கள் கட்டுவது) 200 டாலர், அதில் பாதிக்கு அப்போதைய மாநில வரி 10.25 சதவீதம், கவுண்டி (மாவட்டம் போன்றது) வரி 3 சதவீதம். சரி, சட்டப்படியான கணக்கு.

மனசு ஆறாதது பார்க்கிங்தான். இரவுக்கு 25 டாலர்! முன்பதிவு உறுதிச் சீட்டின் கடைசிப் பக்கத்தில் ‘உள்ளூர்க் கட்டணங்கள் உண்டு’ என்று பொடி எழுத்தில் ஒரே வரி, தொகையே இல்லை. கிளம்பும் முன் ரிசார்ட்டுக்கே போன் போட்டு வரி, பார்க்கிங் இரண்டையும் கேட்டுவிடுங்கள்.