வலது வளைவில் மட்டும் ஆயில் அழுத்தம் விழுகிறது: எஸ்டீம் 1300, உதவி தேவை

கேள்வி

அனைவருக்கும் வணக்கம். கோவையில் வீட்டுக்குப் பின்புறமுள்ள ஷெட்டில், பழைய மாருதி எஸ்டீம் ஒன்றை இரண்டு ஆண்டுகளாகப் பந்தயத்துக்குத் தயார் செய்து வருகிறேன். எஞ்சின் 1298 சிசி, 16 வால்வு கொண்டது. அதன் உள்பாகங்களில் நான் கை வைக்கவில்லை. ரோல் கேஜ், கடினமான ஸ்பிரிங், புதிய பிரேக் பேடு ஆகியவற்றைப் பொருத்தி, உள்ளிருந்த பாரத்தையெல்லாம் கழற்றியிருக்கிறேன்.

கடந்த மாதம் செட்டிபாளையம் கரி மோட்டார் ஸ்பீட்வேயில் பயிற்சி நாள் ஒன்றில் ஓட்டியபோது, நான்காவது சுற்றில் நீண்ட வலது வளைவுக்குள் நுழைந்ததும் ஆயில் விளக்கு மினுக்கியது. அடுத்த முறை குழாய் வழியாக நேரடியாக அழுத்தம் காட்டும் முள் மீட்டர் ஒன்றைப் பொருத்திக்கொண்டு போனேன். எஞ்சின் சூடான பிறகும் நேர்ப்பாதையில் எஞ்சின் நிமிடத்துக்கு 5,500 சுற்று சுழலும்போது 4 பார் (அழுத்த அலகு) காட்டுகிறது. அதே வலது வளைவின் பிற்பாதியில் முள் நடுங்கிக்கொண்டே ஒரு பாருக்கும் கீழே இறங்கி, ஸ்டியரிங் நேரானதும் ஏறிவிடுகிறது. ஆயில் பம்பைப் புதிதாக மாற்றினேன், 10டபிள்யூ-40 ஆயிலை எடுத்துவிட்டு அதைவிடக் கெட்டியான 20டபிள்யூ-50 ஊற்றினேன். இரண்டாலும் பயன் இல்லை. ஆயில் அளவு பார்க்கும் கம்பியில் அளவு மேல்கோட்டில்தான் நிற்கிறது. சென்ற ஆண்டு இதே பாதையில் இந்தத் தொந்தரவு இருக்கவில்லை என்பதுதான் எனக்குப் புரியாத புதிர். அனுபவமுள்ளவர்கள் வழிகாட்ட வேண்டுகிறேன்.

பதில் 1

பேரிங் இடைவெளி கூடிவிட்டாலும், அதிக அழுத்தத்தை வெளியேற்றும் பம்பின் ரிலீஃப் வால்வில் தூசி சிக்கி முழுவதும் மூடாமல் நின்றாலும் அழுத்தம் குறையும். புதுப் பம்பாக இருந்தாலும் அந்த வால்வை ஒருமுறை கழற்றிப் பாருங்கள்.

பதில் 2

தம்பி, முதலில் ஒரு கேள்வி: சென்ற ஆண்டுக்கும் இந்த ஆண்டுக்கும் இடையில் டயரை மாற்றினீர்களா? மாற்றியிருந்தால் உங்கள் புதிருக்கான விடை பெரும்பாலும் அங்கேதான் இருக்கிறது.

மேலே நண்பர் சொன்ன இரண்டு காரணங்களும் உண்மையானவைதாம். ஆனால் பேரிங்கோ வால்வோ பழுதாகியிருந்தால் சூடான எஞ்சினில் எல்லா இடத்திலும் அழுத்தம் குறைவாகவே காட்டும். எஞ்சின் வேகத்தில் ஆயிரம் சுற்றுக்குப் பத்து பிஎஸ்ஐ (இன்னொரு அழுத்த அலகு) இருக்க வேண்டும் என்பது பழைய பட்டறைக் கணக்கு. அதன்படி 5,500 சுற்றுக்கு 55 பிஎஸ்ஐ போதும். உங்கள் 4 பார் ஏறத்தாழ 58 பிஎஸ்ஐ. ஆகவே பம்ப் நன்றாகத்தான் வேலை செய்கிறது. வளைவில் மட்டும் விழுவதும் முள் நடுங்குவதும், பம்ப் ஆயிலோடு சேர்த்துக் காற்றையும் உறிஞ்சுகிறது என்பதற்கான அடையாளங்கள்.

வலது பக்கம் திரும்பும்போது பேனிலுள்ள (எஞ்சினின் அடியில் ஆயில் தேங்கும் தொட்டி) ஆயில் இடது பக்கம் ஒதுங்குகிறது. எவ்வளவு ஒதுங்கும் என்பதை டயரின் பிடிமானமே தீர்மானிக்கிறது. பக்கவாட்டு விசை 0.8 ஜி, அதாவது புவியீர்ப்பில் 0.8 பங்கு என்றால், பேனின் அகலத்தில் ஒவ்வொரு 10 சென்டிமீட்டருக்கும் ஆயிலின் மேற்பரப்பு 8 சென்டிமீட்டர் சரிந்து நிற்கும். மென்மையான டயரால் அது 1 ஜி ஆகிவிட்டால் சரிவு 45 டிகிரியைத் தொட்டு, ஆயில் பேனின் சுவரேறி கிராங்க் தண்டு சுழலும் இடத்துக்கே போய்விடும், பம்ப் ஆயிலை உறிஞ்சும் பிக்கப் குழாயின் வாய் காற்றில் நிற்கும். பம்ப் நிமிடத்துக்கு 30 லிட்டர் தள்ளுகிறது என்று வைத்துக்கொண்டாலும் அது நொடிக்கு அரை லிட்டர். மூன்றரை லிட்டர் கொள்ளும் பேனில் சில நொடி நீளும் வளைவு என்ன செய்யும் என்று நீங்களே கணக்கிட்டுப் பாருங்கள். குட்டையான வளைவில் தெரியாத குறை நீண்ட வளைவின் பிற்பாதியில் தெரிவதற்கும் இதுவே காரணம்.

கெட்டியான ஆயில் இந்தக் குறையைக் கூட்டக்கூடியது. மேலே சிலிண்டர் ஹெட்டுக்குப் போன ஆயில் கீழே இறங்க அதிக நேரம் எடுத்துக்கொள்ளும்; அந்த அளவுக்குப் பேனில் இருப்பு குறையும். பழைய ஆயிலுக்கே திரும்பிவிடுங்கள்.

இப்போதைக்கு வண்டியைப் பாதைக்குக் கொண்டு போகாதீர்கள் என்று உங்களைக் கெஞ்சிக் கேட்டுக்கொள்கிறேன். இரண்டு நொடி ஆயில் இல்லாமல் சுழன்ற பேரிங் அன்றைக்கு ஒன்றும் சொல்லாது. பத்துச் சுற்றுகளுக்குப் பிறகு பிஸ்டனைக் கிராங்க்கோடு இணைக்கும் கனெக்டிங் ராட் பிளாக்கை உடைத்துக்கொண்டு வெளியே வரும். ஆயில் ஃபில்டரை வெட்டித் திறந்து, உள்ளிருக்கும் மடிப்புக் காகிதத்தை விரித்து வெயிலில் பிடித்துப் பாருங்கள். மினுமினுப்புத் தெரிந்தால் பேனைக் கழற்றிய கையோடு பேரிங் மூடிகளையும் திறந்தாக வேண்டும்.

கேட்டவர்

மிக்க நன்றி, அண்ணா. நீங்கள் கேட்டது சரிதான். இவ்வாண்டு தொடக்கத்தில் மென்மையான டயருக்கு மாறினேன். இரண்டையும் சேர்த்து யோசிக்க எனக்குத் தோன்றவில்லை.

ஃபில்டரைத் திறந்ததில் மடிப்புகளின் அடியில் வெள்ளித் தூள் போல மினுங்கியது. பேனைக் கழற்றினேன். முன்பு எப்போதோ கல் அடித்து அடிப்பகுதி உள்வாங்கியிருக்கிறது. குழந்தைகள் விளையாடும் களிமண்ணைப் பிக்கப் வாயின் கீழ் உருட்டி வைத்து, பேனை மாட்டி, திரும்பக் கழற்றி அளந்தபோது களிமண் 3 மில்லிமீட்டர் கனத்துக்கு நசுங்கியிருந்தது. இரண்டாம் சிலிண்டர் ராட் பேரிங்கின் மேல்பாதியில் நகம் தட்டுப்படும் அளவுக்குக் கீறல்கள் உள்ளன. கிராங்க்கில் கீறல் இல்லை.

பதில் 2

கிராங்க் தப்பித்தது உங்கள் நல்ல காலம். ராட் பேரிங் எட்டுப் பாதிகளையும் மாற்றிவிடுங்கள். ஒன்றை மட்டும் மாற்றுவது வேண்டாம். களிமண் வைத்து அளந்தது நல்ல வேலை. பிக்கப் வாய்க்கும் பேனின் அடிக்கும் இடையே அந்த இடைவெளி 6 முதல் 9 மில்லிமீட்டர் வரை இருக்க வேண்டும், 3 இருந்தால் வாயே அடைபட்டது போலத்தான்.

பேனின் பள்ளத்தை எடுத்த பிறகு, பிக்கப் வாயைச் சுற்றி நான்கு பக்கமும் தகட்டுச் சுவர் எழுப்பி, ஒவ்வொரு சுவரின் அடியிலும் கீல் வைத்த சிறு கதவு அமையுங்கள். கதவு உள்நோக்கி மட்டும் திறக்க வேண்டும். அப்போதுதான் உள்ளே வந்த ஆயில் வளைவில் வெளியே ஓடாது. கீல் ஊசியின் இரு முனைகளையும் தட்டி அகலப்படுத்துங்கள், கழன்று விழுந்தால் எஞ்சினுக்குள் கிடக்கும். சூட்டில் சிக்காதபடி கதவு கொஞ்சம் தளர்வாகவே ஆட வேண்டும். சுவர்களுக்கு மேலே, ஆயில் ஏறாதபடி கிடைமட்டமாக ஒரு மூடியும் தேவை.

வெல்டிங் வைக்குமுன் பேனின் விளிம்பைக் கனமான தகடொன்றில் போல்ட் போட்டு இறுக்கிக்கொள்ளுங்கள். இல்லையென்றால் விளிம்பு கோணி, காஸ்கெட் எப்போதும் கசியும். முடிந்ததும் வெளிப்புறம் சுண்ணாம்பு பூசிக் காயவிட்டு, உள்ளே மண்ணெண்ணெய் ஊற்றி ஓர் இரவு வையுங்கள். ஊசிமுனை ஓட்டை இருந்தாலும் வெள்ளையில் ஈரக்கறை தெரியும். பந்தய ஓட்டுநர் கரிவரதன் மாருதி எஞ்சினைக் கொண்டு ஃபார்முலா மாருதி பந்தயக் கார் கட்டிய ஊரில் இருக்கிறீர்கள். இப்படி ஒரு பேனைச் செய்துதர லேத் பட்டறைகளுக்குப் பஞ்சமில்லை.

பதில் 3

அரை லிட்டர் கூடுதலாக ஊற்றினாலே போதும் என்று சிலர் சொல்கிறார்களே?

பதில் 2

அவசரத்துக்கு உதவும், ஆனால் அளவு கூடக்கூட கிராங்க் அதை அடித்து நுரைக்க வைக்கும், நுரை பேரிங்கைக் காக்காது. கால் லிட்டருக்கு மேல் நான் ஊற்ற மாட்டேன்.

கேட்டவர்

ஐந்து வாரம் கழித்து எழுதுகிறேன். முதல் மண்ணெண்ணெய்ச் சோதனையில் மூலையில் ஒரு கறை தெரிந்தது, மறுபடி வெல்டிங் வைத்து அடைத்தோம். புதிய பேரிங்குகளுடன் இரண்டு டேங்க் பெட்ரோல் அளவுக்குச் சாலையில் மெதுவாக ஓட்டிவிட்டு, நேற்றுப் பாதைக்குப் போனேன். அந்த வலது வளைவில் இப்போது 3.4 பாருக்குக் கீழே முள் இறங்கவில்லை. பலமாகப் பிரேக் பிடித்தபடியே இடது பக்கம் திருப்பும் ஓரிடத்தில் மட்டும் ஒரு கணம் 2.5 பாருக்கு இறங்கி ஏறுகிறது.

பதில் 2

அது முன்பக்கக் கதவு முழுவதும் மூடாததால் இருக்கலாம். அடுத்த முறை பேனைக் கழற்றும்போது அந்தக் கீலைக் கையால் ஆட்டிப் பாருங்கள். அதன் பிறகும் இறங்கினால், அழுத்தத்தில் ஆயிலைச் சேமித்து வைத்துக் குறையும்போது எஞ்சினுக்குத் தள்ளும் கலன் ஒன்றைப் பொருத்துவதைப் பற்றிப் பேசலாம். ஆனால் வாங்குமுன் உங்கள் பந்தயப் பிரிவுக்கான எஃப்எம்எஸ்சிஐ (இந்திய மோட்டார் பந்தயக் கூட்டமைப்பு) விதிப்புத்தகத்தில் அதற்கு அனுமதி இருக்கிறதா என்று படித்துவிடுங்கள். ஃபில்டரை ஒவ்வொரு பந்தய நாளுக்குப் பிறகும் வெட்டிப் பாருங்கள்.