இழை: புல்லட் வேறு, கார்ட்ரிட்ஜ் வேறு – தமிழில் எப்படிப் பிரிக்கலாம்?

குழும நண்பர்களுக்கு வணக்கம்.

அமெரிக்காவில் ரிவால்வரால் இலக்குப் பயிற்சி செய்பவர்கள், செலவைக் குறைக்கத் தோட்டாவைத் தாங்களே கட்டிக்கொள்வது பற்றி ஒரு கட்டுரை எழுதுகிறேன். முதல் வரியிலேயே சொல் இடிக்கிறது. புல்லட் என்பது முனையிலிருந்து பறந்து போகும் உலோகம் மட்டும். கார்ட்ரிட்ஜ் என்பது கூடு, பிரைமர், மருந்து, புல்லட் நான்கும் சேர்ந்த முழுத் தோட்டா. ‘மலிவான புல்லட் எங்கே கிடைக்கும்’ என்பதை ‘மலிவான தோட்டா’ என்று எழுதினால் பொருளே மாறிவிடும். கடையில் முழுத் தோட்டா வாங்குபவருக்கு இந்தக் கட்டுரை தேவையில்லை. சுட்ட பிறகு ரிவால்வரின் உருளையிலேயே தங்கிவிடும் பித்தளைக் கூட்டைச் சேர்த்து வைத்து, புது பிரைமர் (அடிபட்டதும் மருந்தைப் பற்றவைக்கும் சிறு மூடி), வெடிமருந்து, முனையில் புது புல்லட் என்று பூட்டுகிறவருக்குத்தான் இது. கூடு பல முறை உழைக்கும், மற்ற மூன்றையும் ஒவ்வொரு முறையும் வாங்க வேண்டும். அந்த மூன்றில் விலை பார்த்து வாங்க அதிக இடம் இருப்பது புல்லட்டில்.

ஆகவே என் முன்மொழிவு: முழுசாக இருப்பது தோட்டா, பறந்து போவது குண்டு. ‘குண்டு பாய்ந்தது’ என்று ஏற்கெனவே சொல்கிறோம். வெடிகுண்டோடு குழம்பாதா என்று ஒருவர் கேட்டிருந்தார். துப்பாக்கி பற்றிய கட்டுரைக்குள் அந்தக் குழப்பம் வராது.

அடுத்தது குண்டின் வகைகள். இங்கேதான் சொல் கூர்மையாக வேண்டும், ஏனென்றால் விலை இதை ஒட்டித்தான் ஏறுகிறது. உருக்கி அச்சில் ஊற்றியது வார்ப்புக் குண்டு. அதன்மேல் பாலிமர் தூளைப் போட்டு அடுப்பில் சுட்டெடுத்தால் பூச்சுக் குண்டு. மின்பகுப்பால் மெல்லிய செம்பு ஏற்றியது முலாம் குண்டு. தனியாகச் செய்த செம்புக் கலவை உறைக்குள் காரீயத்தை அழுத்தியது உறைக் குண்டு. பூச்சு, முலாம், உறை மூன்றையும் ‘பூசிய குண்டு’ என்று ஒரே சொல்லில் அடைத்தால், வாசகர் எதற்குக் காசு கொடுக்கிறார் என்றே தெரியாது. .38 ஸ்பெஷல் போன்ற மெதுவான தோட்டாவுக்கு உறை தேவையே இல்லை, வார்ப்பும் பூச்சும் தாராளமாகப் போதும்.

வார்ப்பைப் பற்றி எழுதும்போது ‘ஈயம்’ என்று மொட்டையாக எழுதவே கூடாது. கலவையில் காரீயமும் இருக்கிறது, வெள்ளீயமும் இருக்கிறது. அச்சுக்கோத்த காலத்து லைனோடைப் உலோகத்தை வாங்கி உருக்குகிறவர்கள் உண்டு. அதில் ஏறத்தாழ 84 விழுக்காடு காரீயம், 12 ஆன்டிமனி, 4 வெள்ளீயம். சக்கரத்தைச் சமன்செய்ய விளிம்பில் பொருத்தும் எடைகள், முன்பு டயர் கடைகளில் பழையதாகக் கிடைத்தவை, அவையும் நல்ல மூலப்பொருள். இப்போது அவற்றில் துத்தநாகமும் இரும்பும் கலந்து வருவதால் பொறுக்கிப் பிரிக்க வேண்டியிருக்கிறது.

அளவு பொருந்தாத குண்டால் குழலுக்குள் காரீயம் ஒட்டிக்கொள்வதற்கு ‘ஈயப் படிவு’ என்று ஒருவர் தந்தார். ‘காரீயம் அப்புதல்’ என்பது என் விருப்பம். குழலைத் தேய்த்துத் துடைத்தவருக்குப் ‘படிவு’ என்ற சொல் ரொம்ப மென்மையாகத் தெரியும்.

இலக்குப் பயிற்சிக்கான, முனை தட்டையான வாட்கட்டர் என்ற குண்டுக்கு ‘தட்டைமுகக் குண்டு’. காகிதத்தில் வட்டமாக, சுத்தமாகத் துளை போடும், புள்ளி எண்ணுவது எளிது. ‘காகிதவெட்டி’ என்ற பரிந்துரை அழகுதான். ஆனால் பாதி வடிவமான செமி வாட்கட்டர் வரும்போது அந்தச் சொல் நீளாது. ‘அரைத் தட்டைமுகம்’ என்று இது நீளும்.

---

மறுமொழி:

ஐயா, வணக்கம். ஈழத்தில் முழுத் தோட்டாவை ரவை என்போம். பட்டுத் துளைப்பது சன்னம். சுட்டு முடிந்த வெறும் கூடு கோது. மூன்றும் சனங்கள் வாயில் நெடுநாளாகப் புழங்கிய சொற்கள், புதிதாக எதுவும் ஆக்கத் தேவையில்லை. இன்னொன்று: கிரெய்ன் என்ற எடைக்குக் குன்றிமணி என்று வைக்கலாமா? தமிழ் எடையாகவும் இருக்கும்.

---

மறுமொழி:

கோதுவை மகிழ்ச்சியோடு எடுத்துக்கொள்கிறேன். உள்ளிருந்தது போன பின் மிஞ்சுவது என்ற பொருள் தமிழகத்திலும் புரியும், கூடு என்பதைவிடப் பொருத்தம். சன்னம் மட்டும் இங்கே தயங்க வைக்கிறது. சன்ன அரிசி என்று பழகிய தமிழக வாசகர் ‘மெல்லிய’ என்று எடுத்துக்கொள்வார். ரவைக்கும் உப்புமா நினைவுதான் வரும். தோட்டா, குண்டு என்று எழுதி, முதல் இடத்தில் ரவை, சன்னம் இரண்டையும் இணைச்சொல்லாகத் தருகிறேன்.

குன்றிமணிக்கு மட்டும் உறுதியாக மறுப்பு. கிரெய்ன் 64.8 மில்லிகிராம். குன்றிமணி ஏறத்தாழ அதன் இரு மடங்கு. குண்டின் எடையோடு நின்றால் பரவாயில்லை, மருந்தையும் இதே அலகில்தான் நிறுக்கிறார்கள். மருந்து இரட்டிப்பானால் துப்பாக்கி பிளக்கும், கை போகும். மருந்து அளவை அச்சிட்ட கையேட்டைப் பார்த்தே போட வேண்டும், அதிலுள்ள அலகு அப்படியே நம் எழுத்திலும் இருக்கட்டும். கிரெய்ன் கிரெய்னாகவே இருக்கும்.

எடையைச் சொல்லியாக வேண்டிய இன்னொரு காரணமும் உண்டு. வழக்கமான 158 கிரெய்ன் குண்டு ஆயிரம் வாங்கினால் 10 கிலோவுக்கு மேல். இணையத்தில் விலை குறைவாகத் தெரிந்தாலும் அனுப்பும் கூலி அதைத் தின்றுவிடும். அதனால்தான் பல வார்ப்புக்காரர்கள் 70 பவுண்டு வரை ஒரே கட்டணத்தில் போகும் அஞ்சல் பெட்டியில் அனுப்புகிறார்கள். குண்டு வெறும் உலோகம், அஞ்சலில் போகலாம். மருந்தும் பிரைமரும் அப்படிப் போகாது, அபாயப் பொருள் கட்டணத்தோடு தனியார் கூரியரில்தான் வரும். குண்டு, தோட்டா என்று பிரித்து எழுதாவிட்டால் இந்தப் பத்தியையே எழுத முடியாது.

பிரைமர் இன்னும் தீரவில்லை. ‘எரியூட்டி’ என்றால் சமையல் அடுப்பு முதல் ராக்கெட் வரை எல்லாவற்றுக்கும் பொருந்துகிறது. நாட்டுத் துப்பாக்கிக்காரர்கள் சொல்லும் ‘கேப்பு’ எனக்குப் பிடித்திருக்கிறது. மறுப்பு இருந்தால் எழுதுங்கள்.