ரெஸ்க்யூ ஹாய்ஸ்ட்: தமிழில் என்ன சொல்லலாம்?

அன்புள்ள கலைச்சொல் குழுவினருக்கு,

கடலுக்கு மேலே அந்தரத்தில் ஒரே இடத்தில் நிற்கும் ஹெலிகாப்டரிலிருந்து வடத்தை இறக்கி ஆளை மேலே எடுக்கும் கருவிக்கு ‘மின்தூக்கி’, ‘பாரந்தூக்கி’ என இரு சொற்கள் வந்துள்ளன. இரண்டையும் என்னால் ஏற்க இயலவில்லை.

அமெரிக்கக் கடலோரக் காவல்படையின் ஃபிராங்க் எரிக்சன் 1944 ஆகஸ்டில் நியூயார்க்கின் ஜமைக்கா விரிகுடாவில் இதைச் சோதித்தபோது அது மின்சாரத்தால் ஓடியது. பிறகு திரவ அழுத்த (ஹைட்ராலிக்) விசைக்கு மாறினார்கள். இயக்கும் விசையைப் பெயரில் பூட்டிவிட்டால் கருவி மாறும்போது பெயர் பொய்யாகிவிடும். ‘பாரந்தூக்கி’ என்றாலோ துறைமுகத்துக் கிரேன்தான் நினைவுக்கு வருகிறது. 1945 நவம்பர் 29 அன்று, கனெக்டிகட் கரையருகே பென்ஃபீல்டு பாறைத்திட்டில், புயலில் சிக்கிய சரக்குத் தோணியிலிருந்து இருவரை சிகோர்ஸ்கி ஆர்-5 ஹெலிகாப்டர் மீட்டது. ஓட்டியவர் டிமிட்ரி வைனர். இரண்டாமவரை இழுக்கையில் கருவி சிக்கிக்கொள்ள, அவர் வெளியே தொங்கியபடியே கரை சேர்ந்தார். அவரைப் ‘பாரம்’ என்று எழுத எனக்கு மனம் வரவில்லை.

நம் கிணற்று ஏற்றம் தாழ்ந்து போய் மொண்டுகொண்டு மேலே வருகிறது. இக்கருவியும் இறங்கித்தான் ஏறுகிறது. ஆகவே ‘மீட்பேற்றம்’ என்று முன்மொழிகிறேன்.

ஆளைத் தூக்குவதற்காகக் கைகளுக்கடியில், கக்கத்தில் மாட்டும் ஹார்ஸ் காலர் என்ற பட்டைக்குக் ‘கக்கப்பட்டை’ என்கிறேன். ‘மீட்பு வளையம்’ என்றால் கப்பலில் தொங்கும் மிதவை வளையத்தோடு குழம்பும். நினைவிழந்தவரால் பட்டைக்குள் கை நுழைக்க முடியாது. பிரிட்டிஷ் கடற்படையின் ஜான் ஸ்ப்ரூல் உருவாக்கிய வலை, நீரில் கிடப்பவரை அப்படியே வாரி எடுத்தது. அது ‘வாருவலை’.

---

ஐயா,

கக்கப்பட்டை அருமை, கேட்டவுடன் விளங்குகிறது. வாருவலைக்கும் என் ஒப்புதல். ஆனால் ‘மீட்பேற்றம்’ செயலின் பெயராக ஒலிக்கிறது. “மீட்பேற்றம் தடைப்பட்டது” என்றால் பணி நின்றதா, கருவி நின்றதா? நீங்கள் சொன்ன பென்ஃபீல்டு நிகழ்வை எழுதும்போதே இந்தக் குழப்பம் வரும். மின்னேற்றி (சார்ஜர்) என்பதுபோல ‘மீட்பேற்றி’ என முடித்தால் கருவி என்பது தெளிவு. மீட்பேற்றி வடம், மீட்பேற்றிக் கொக்கி என்று உறுப்புகளின் பெயர்களும் தடையின்றி ஒட்டுகின்றன.

மறுப்பு இல்லையெனில் பட்டியலில் சேர்த்துவிடுவோம். அடுத்து, விமானந்தாங்கிக் கப்பலின் பிளேன் கார்டு. ‘விமானக் காவல்’ வேண்டவே வேண்டாம். எதிரியிடமிருந்து விமானத்தைக் காப்பதாகப் பொருள்படுகிறது. விமானங்கள் ஏறி இறங்கும் நேரத்தில் கடலில் விழும் விமானியை எடுப்பதற்காகவே அந்த ஹெலிகாப்டர் பக்கத்தில் பறந்துகொண்டிருக்கிறது. அந்தப் பொருள் வரும் சொல் யாரிடமாவது இருக்கிறதா?