புதுப்பிப்பு: கைக்குட்டை ஓரத்து டாட்டிங் லேஸ்

டாட்டிங் என்றால் ஷட்டிலில் (நூல் சுற்றி வைக்கும் சின்னக் கருவி) இருந்து நூலை விட்டு, முடிச்சு முடிச்சாகப் போட்டு லேஸ் பின்னுவது. அப்படிக் கைக்குட்டை ஓரத்துக்குப் போட 20-ஆம் நம்பர் நூலா, 40-ஆ என்று முன்பு கேட்டிருந்தேன். பலரும் 20 என்றீர்கள். நான் 40-தான் எடுத்தேன். நம்பர் கூடக்கூட நூல் மெலியும். மெல்லிய துணிக்கு அதுதான் எடுப்பு. ஓரம் நாலு பக்கமும் முடிந்துவிட்டது.

முடிச்சுகளை வரிசையாகப் போட்டு இழுத்து மூடும் வளையம் சுருங்கவே மாட்டேன் என்கிறது என்று கோத்தகிரி அக்கா கேட்டிருந்தார். அக்கா, முடிச்சு ஷட்டில் நூலில் விழக்கூடாது, இடது கையில் சுற்றியிருக்கும் நூலில் விழ வேண்டும். ஷட்டில் நூலை விறைப்பாகப் பிடித்துக்கொண்டு இடது கை விரல்களைத் தளர்த்துங்கள். முடிச்சு டக்கென்று இடது கை நூலுக்குத் தாவும். அப்புறம் முடிச்சுகளெல்லாம் ஷட்டில் நூல்மேல் வழுக்கி ஓடும், இழுத்தால் வளையம் மூடும். தாவாமல் போனால் அங்கேயே இறுகிவிடும். ஊசியால் நோண்டித்தான் அவிழ்க்கணும், அது பெரிய தலைவலி.

பிக்காட் (முடிச்சுகளுக்கு இடையில் விடும் சின்ன நூல் கண்ணி) ஒரே அளவில் வர அட்டைத் துண்டை இடையில் வைத்துப் போட்டேன்.

கஞ்சி போட்டு, ஊசி குத்தி விரித்து வைத்தது மட்டும் குன்னூர் மூடுபனியில் காய்வேனா என்றது. கடைசியில் துண்டின்மேல் கவிழ்த்துப் போட்டு இஸ்திரி தேய்த்தேன். சரி, படம் நாளைக்கு, வெயில் வந்தால்.