கேரவன் பேட்டரி: சார்ஜரில் எந்த செட்டிங்?

கேள்வி: 100 ஏஎச் (ஆம்பியர்-ஹவர், அதாவது கொள்ளளவு) ஏஜிஎம் பேட்டரி (அமிலத்தை கண்ணாடி நார் விரிப்பு உறிஞ்சி வைத்திருக்கும் ஈய-அமில வகை). சார்ஜர் ஜெல் (அமிலம் கூழாக இருக்கும் வகை) செட்டிங்கில் இருக்கிறது. அப்படியே விடலாமா?

பதில் 1: உடனே ஒன்றும் ஆகாது. ஆனால் ஜெல் செட்டிங் பெரும்பாலும் 14.1–14.4 வோல்ட்டோடு நின்றுவிடும், ஏஜிஎம்முக்கு 14.4–14.7 வேண்டும். எப்போதும் அரைகுறையாக ஏறினால் தகட்டில் சல்பேட் கெட்டிப்பட்டு, பேட்டரி தாங்கும் நேரம் குறையும். பெரும்பாலும் பேட்டரி மேலேயே ‘சைக்கிள் யூஸ்’ (அடிக்கடி ஏற்றி இறக்கும் பயன்பாடு) என்று வோல்ட் அச்சிட்டிருக்கும். அதைப் பார்த்து வையுங்கள்.

பதில் 2: தலைகீழாகச் செய்தால்தான் வம்பு. ஜெல்லுக்கு 14.7 கொடுத்தால் உள்ளே வாயுக்குமிழி உண்டாகி அப்படியே தங்கிவிடும். சீல் வைத்தது, தண்ணீர் ஊற்றவும் வழியில்லை.

கேள்வி: பிறகு லித்தியத்துக்கு மாறினால்?

பதில் 1: லித்தியம் செட்டிங் மட்டும்தான். ரீகண்டிஷன் (சோர்ந்த ஈய-அமில பேட்டரியை மீட்க அதிக வோல்ட் கொடுக்கும் வசதி) பட்டன் பக்கமே போகாதீங்க. சில சார்ஜர்களில் அது 15 வோல்ட்டைத் தாண்டும். 0 டிகிரிக்குக் கீழே சார்ஜும் கூடாது.